துரை மிரண்ட நாள்

இடது கையை முழுதாகத் தூக்க வேண்டாம். வலது கையால் சேணத்தைப் பிடி, ஒரே மூச்சில் ஏறு. தயங்குவதை அண்ணா பார்க்கக் கூடாது.

"என்ன, குதிரையின்ர காதுக்குள்ள மந்திரம் சொல்லுறியோ?" என்றான் தயாபரன். வெறும் சோடாப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துத் தங்கையின் காலடியில் வைத்தான். "இதில ஏறி நிண்டு காலைப் போடு. டொக்டர் என்ன சொன்னவர்?"

"ஏறலாமாம். விழத்தான் கூடாதாம்."

"அப்ப விழாத."

அவன் சிரித்தான். யதுர்ஷிகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஊர்வலம் ஒன்றில் இந்தக் குதிரையிலிருந்து விழுந்து, தோள்மூட்டில் தகடு வைத்து எட்டு மாதம். தலை வாரிக்கொள்ளவே மூன்று மாதம் எடுத்தது. கொடியில் துணி போடும்போது இப்போதும் உள்ளே எதுவோ இழுக்கிறது.

உடையார்கட்டில் தயாபரன் பந்தலும் கதிரையும் வாடகைக்குக் கொடுக்கிறவன். கலியாண ஊர்வலங்களுக்கென்று நுவரெலியாவிலிருந்து வாங்கி வந்த குதிரைதான் துரை. இன்று கொட்டகை வாசலில் பளையிலிருந்து வந்த குகதாசன் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தார். அடுத்த மாதம் அவருடைய மகனுக்குக் கலியாணம். மாப்பிள்ளை குதிரையில்தான் மண்டபத்துக்குப் போவாராம்.

தயாபரன் குரலைத் தாழ்த்தினான். "ஆளை விழுத்தின குதிரை எண்டு ஊர் முழுக்கக் கதை. எட்டு மாதமா ஒருத்தரும் துரையைக் கேக்கேல்லை. இண்டைக்கு ஐயா ஓம் எண்டால் இவன் இஞ்ச நிப்பான். இல்லாட்டி ஞாயிற்றுக்கிழமை வவுனியாக்காரன் லொறியோட வருவான். வித்துப்போட்டுப் பேசாமல் இருக்கவேண்டியதுதான்."

அது அவளுக்குத் தெரியும். இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஏறினாள். தோளில் சுரீரென்று ஒரு வலி ஓடி, பிறகு அடங்கியது. துரை தலையைத் திருப்பி அவளுடைய முழங்காலை மோந்து பார்த்தது. அன்று நடந்ததை அருகில் நின்று பார்த்த ஒரே ஆள். அவள் பார்வையை விலக்கிக்கொண்டாள்.

வயல் வரம்பு வரை நடை. திரும்பும்போது வீதியில் ஒரு மோட்டார் சைக்கிள் படபடவென்று வெடித்துக்கொண்டு போனது. அவளுடைய விரல்கள் பிடரி மயிரை இறுக்கிச் சுற்றிக்கொண்டன. துரை ஒரு காதை மட்டும் அசைத்துவிட்டு நடந்தது. கொட்டகைக்கு வரும்போது அவளுடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"குதிரை ஓடுறாள் பிள்ளை, வடிவா ஓடுறாள்," என்றார் குகதாசன். கோப்பையைக் கீழே வைத்தார். "ஆனால் பிள்ளை, எங்கட வாசல்ல பத்தாயிரம் வெடிச் சரம். வேண்டாமெண்டு சொன்னாலும் மாமன்மார் கேக்கமாட்டினம். இந்தக் குதிரை அண்டைக்கு வெடிக்கு மிரண்டுதானே உம்மை விழுத்தினது? மாப்பிள்ளையைத் தாலி கட்டுற அண்டு ஆஸ்பத்திரியில தேடேலாது பாருங்கோ. என்ன நடந்ததெண்டு உம்மட வாயால சொன்னால் எனக்குக் காணும்."

அவள் இறங்கினாள். தயாபரன் கடிவாளத்தை வாங்குகிற சாட்டில் அவளைக் கொட்டகையின் மறுபக்கம் கூட்டிப்போனான்.

"குதிரை அசையேல்லை, நான்தான் விழுந்தனான் எண்டு சொல்லு."

"அண்ணா..."

"ஒரு சின்னப் பொய். சொல்லிப்போட்டு வா. அண்டைக்கு அந்தப் புகைக்குள்ள ஆருக்கு என்ன தெரிஞ்சது? பின்னால வந்த நானே காணேல்லை. புகை விலகேக்க நீ நிலத்தில கிடந்தனி, அவ்வளவுதான்."

"அவர் நம்புவாரோ?"

"ஏன் நம்பமாட்டார்? உன்னைப் பற்றி நல்லா அளந்து வைச்சிருக்கிறன். இடி இடிச்சால் கட்டிலுக்குக் கீழ பூருறது எங்கட அம்மா, இவள் பயமெண்டால் என்னெண்டு அறியாதவள் எண்டு சொன்னன். மனுசன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டவர்."

துரை முகத்தை நீட்டி, தகடு வைத்த தோளின்மேல் மெல்ல வைத்தது. அதன் மூச்சு கழுத்தில் சுட்டது. நாலே சொற்கள்தான். யதுர்ஷிகா வாயைத் திறந்தாள். கொட்டகைக்கு அப்பால் குகதாசன் செருமுவது கேட்டது. அவள் துரையின் முகத்தை மெல்ல விலக்கினாள்.

"நான் அதைச் சொல்லமாட்டன் அண்ணா."

"சொல்லாட்டி இவன் போயிடுவான்."

"தெரியும்."

"தெரிஞ்சுமோ?" தயாபரன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு இரண்டு கைகளையும் கூப்பினான். "உனக்கும் உன்ர நேர்மைக்கும் ஒரு கும்பிடு, தாயே." கடிவாளத்தை அவளுடைய கையில் திணித்துவிட்டு, பளைக்காரருக்குச் சமாதானம் சொல்லப் போனான்.

அது பொய்யாக இருந்திருந்தால் அவள் சொல்லியிருப்பாள்; உண்மையைச் சொல்லத்தான் வெட்கம் விடவில்லை. அன்றைக்கு முதல் வெடி வெடித்ததுமே, பதினொரு வயதில் பதுங்குகுழி வாசலில் பழகியபடி, தலையைப் பொத்திக்கொண்டு சேணத்திலிருந்து நிலத்தில் குப்புறப் பாய்ந்தது அவள்தான். சரம் முழுதும் வெடித்து அடங்கும்வரை துரை அவளுக்குப் பக்கத்தில் ஓர் அடிகூட நகராமல் நின்றது.