நாற்பத்தொரு முரண்

“என் நாவல்ல நாற்பத்தொரு தப்பா? உங்க சாஃப்ட்வேருக்கு என்ன, பைத்தியமா?” எழுத்தாளர் போனில் கத்தினார்.

கதையில் முன்னுக்குப் பின் முரண் இருந்தால் கண்டுபிடிக்கும் மென்பொருள் அது. வாங்கும் முன், பரிசு பெற்ற தன் பழைய நாவலைக் கொடுத்துச் சோதித்திருந்தார்.

“மூணாம் அத்தியாயத்துல செத்த மாமனார் பதினொண்ணுல பேப்பர் படிக்கிறாராம்! பத்து வருஷத்துல ஒரு வாசகர்கூட இப்படிச் சொன்னதில்லய்யா!”

“சார், நீங்க கொடுத்தது எந்தப் பிரதி?” என்றார் விற்பனையாளர்.

“நானே டைப் பண்ணது.”

“அச்சான பிரதியைக் கொடுத்துப் பாருங்க.”

கொடுத்தார். முரண் எதுவும் இல்லை என்றது திரை.

போனை வைத்துவிட்டு மனைவியிடம் சீறினார். “அப்ப நாற்பத்தொண்ணு, இப்ப ஒண்ணுமே இல்லியாம்! இதுக்கு உங்கண்ணனே தேவலை!”

அவள் அண்ணன்தான் இத்தனை நாளும் மெய்ப்புப் பார்த்தவர். புது நாவலைப் பற்றி ஏதோ சொல்ல வந்தவரை, “ஒற்றெழுத்து விட்டுப்போனா போடுங்க, கதையில மூக்கை நுழைக்காதீங்க” என்று போன வாரம்தான் விரட்டியிருந்தார்.

“தேவலைதான்.” அவள் கோபமாகத் திரும்பினாள். “ரெண்டு பிரதிக்கும் நடுவுல இருந்தது யாரு? உங்க மனசு நோகக் கூடாதுன்னு அண்ணன் சொல்லாமலே திருத்தினாரு.”

எழுத்தாளர் மச்சானை அழைத்தார்.

“திட்டுறதா இருந்தா அப்புறம் திட்டுங்க மாப்பிள்ளை,” என்று மச்சான் முந்திக்கொண்டார். “புது நாவல் நாளைக்கு அச்சுக்குப் போகுது. அதுல வர்ற பொண்ணுக்கு ரெண்டு அப்பா இருக்காங்க. யாரை வெச்சுக்கறதுன்னு நீங்கதான் சொல்லணும். இதை மட்டும் என்னால உங்களுக்குத் தெரியாம திருத்த முடியல.”