அமைதியான துறைமுகம்

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமானிய வணிகர்களும் நம்மவர்களும் சண்டையின்றி வாழ்ந்த துறைமுகம் என்று தவளக்குப்பத்துக்குப் பக்கத்து ஆற்றங்கரை மேட்டைப் பற்றி எழுதித்தான் பேராசிரியர் புருஷோத்தமன் புகழ்பெற்றார். அவர் தோண்டும் குழிகளில் கிடைப்பதைக் கழுவி மசியில் எண் எழுதுவது என் வேலை. வெட்டுப்பட்ட மண்டை ஓடுகளுக்கு மட்டும் எண் கிடையாது. திரும்பப் போட்டு மூடச் சொல்வார். பதினோரு ஆண்டுகளில் முப்பத்தாறு மூடினேன். அவற்றைப் பற்றி நான் எழுதிய கட்டுரையை என் எதிரிலேயே கிழித்தார்.

1983 மாசியில், யாரும் தொடாத அடிமண்ணில் இன்னொன்று கிடைத்தது. பின்மண்டை மண்வெட்டியால் பிளந்திருந்தது. மேல்வரிசையில் ஒரு தங்கப்பல்.

“என்னாக்கா இது, நம்ம ஐயா பல்லாட்டம் இருக்குது?” என்றாள் மண் சுமக்கும் அன்னக்கிளி.

ஓட்டின் உட்புறம் என் கையெழுத்தில் 4118 என்று இருந்தது. பதிவேட்டில் நான் கடைசியாக எழுதியிருந்தது 4117.

அவர் அதைப் பார்க்கவேயில்லை. “அதையும் போட்டு மூடும்மா. என் புத்தகத்துல யாரும் யாரையும் வெட்டல” என்று சிரித்தார். தங்கப்பல் வெயிலில் மின்னியது. பிறகு அளவு நாடாவோடு குழிக்குள் குனிந்தார்.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. எப்போதோ முடித்துவிட்ட வேலையின் நிம்மதிதான் இருந்தது.

முதலில் பதிவேட்டில் 4118 என்று எழுதினேன். பிறகு மண்வெட்டியை எடுத்தேன்.