வேறு பெயரில் எழுதியவள்

"ஹாலுக்கு நீல பெயிண்ட் அடிச்சிடலாமா?" என்று கேட்டார் ஓய்வுபெற்ற மேனேஜர்.

"உங்க இஷ்டங்க" என்று மனைவியின் குரல் வந்தது.

"பொண்ணு கோவிச்சுக்கிட்டுப் போய் ஒரு வருஷம் ஆச்சு. நானே போய்ப் பேசட்டுமா?"

"நீங்க சொன்னா சரிங்க."

எரிச்சலோடு பக்கத்தில் இருந்த மைத்துனனைப் பார்த்தார். "பாத்தியா மாப்ள? எதைக் கேட்டாலும் தலையாட்டல்தான்!"

மைத்துனன் மேசை மேலிருந்த சின்ன ஸ்பீக்கரை அணைத்தான்.

"அக்கா செத்து எட்டு மாசம் ஆச்சு மாமா. அவ எழுதினதை வெச்சுத்தான் கம்ப்யூட்டர் அவளை மாதிரிப் பேசும். 'உன் கருத்தை எவன் கேட்டான்'னு சொல்லி அவளை இணையத்துல ஒரு வரிகூட எழுத விடலையே நீங்க. எனக்குக் கிடைச்சது அவ உங்களுக்கு அனுப்பின மெசேஜ் மட்டும்தான்."

அவர் ஸ்பீக்கரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஆனா நேத்து ஒண்ணு கண்டுபிடிச்சேன். வேற பேர்ல பதினோரு வருஷமா எழுதியிருக்கா. நாலாயிரம் பேர் படிச்சிட்டு இருந்திருக்காங்க. அதையும் சேர்க்கட்டுமா?"

ஊரே படித்திருக்கிறது, அவரைத் தவிர.

"சேத்துடு" என்றார்.

மைத்துனன் சேர்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் ஸ்பீக்கரைப் போட்டான். முதலில் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. ஸ்பீக்கருக்குக் கண் கிடையாது. அறையில் யார் இருக்கிறார்கள் என்று அதற்குத் தெரிய வழியில்லை.

"தம்பி, நீ வெளிய போ" என்றது அவள் குரல். "கதவைச் சாத்திட்டுப் போ. மாமாகிட்ட நான் தனியாப் பேசணும்."