வாசல் எந்தப் பக்கம்?

“வான் வேண்டாம் அப்பா. உள்ளுக்கை குனிஞ்சு நிண்டால் மாமி உடனை இறங்கிப் போயிடுவா.”

சுன்னாகத்தில் பழைய வாகனங்கள் விற்கும் இடத்தில் நின்று படபடத்தாள் கீர்த்திகா. எதிரே படுக்கை போட்ட வான் ஒன்றும், அதைவிடச் சற்றே பெரிய குட்டி மோட்டார்ஹோம் எனும் வீட்டு வண்டி ஒன்றும் நின்றன.

“வான் எண்டால் ஒழுங்கைக்குள்ளையும் லேசாப் போகும் பிள்ளை,” என்றார் கதிரவேலு.

“இதுக்குள்ளை நிமிர்ந்து நிக்கலாம். குசினியும் குளிக்கிற அறையும் இருக்கு. மாமி பாத்து ஓம் எண்டால்தானே அப்பா கலியாணம்?”

கதிரவேலு பெருமூச்சு விட்டு மோட்டார்ஹோமையே வாங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை சுதாகரனும் அவன் தாயும் வந்தார்கள். தாய் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

“வாகனம் வடிவாத்தான் இருக்கு. சீதன வீட்டைக் காட்டுறன் எண்டியே பிள்ளை, அது எங்கை?”

சுதாகரன் நிலத்தைப் பார்த்தான். கீர்த்திகா மெல்லக் கதவைத் திறந்தாள்.

“வலது காலை வைச்சு ஏறுங்கோ மாமி. இதுதான் வீடு. இவருக்கு எந்த ஊருக்கு இடமாற்றம் வந்தாலும் கூடவே வரும்.”

மாமி ஓரடி பின்வாங்கினார்.

“வாசல் கிழக்கைப் பாக்கவேணுமோ, வடக்கைப் பாக்கவேணுமோ மாமி? சொல்லுங்கோ, இப்பவே திருப்பி விடட்டோ?”