முள்ளம்பன்றி வளை

நான்காம் குழியின் வடக்கு மூலையில், மண் வழிக்கும் என் கரணை சத்தமில்லாமல் இறங்கியது.

இறங்கக் கூடாது. அங்கே பாறை இருக்க வேண்டும்.

அந்தப் பாறைதான் கல்லறையின் கூரை. ரோமர்களுக்கு முன்பு இங்கே வாழ்ந்த எத்ருஸ்கர்கள் குடைந்தது. வாசலை அடைத்த கல் அசையாமல் இருப்பதை நேற்றுத்தான் கண்டுபிடித்தார்கள். ரோமிலிருந்து வந்த மாணவர்கள் எல்லோரும் அங்கே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நாளை காலை திறப்பு. இரண்டாயிரத்து ஐந்நூறு வருடமாக யாரும் தொடாத கல்லறை என்று பேராசிரியை லந்தூச்சி தொலைக்காட்சியில் சொல்லியாகிவிட்டது. தொடாத கல்லறை என்றால் எனக்கு மூன்று வருட வேலை. தொட்ட கல்லறை என்றால் மறுபடி அம்மாவோடு ஓட்டல் அறை கூட்டுவது.

கூரைமேல் மண் வழிக்க என்னை விட்டார்கள். தனியாக. உள்ளூர்க்காரிக்கு வெயில் பழக்கமாம்.

"டெபோரா, உங்க ஊர் ஆளுங்களக் கூப்பிடேன். அரை நாள்ல அள்ளிட்டுப் போயிடுவாங்க" என்று ரோம் மாணவன் தங்க்ரேதி முதல் நாளே சிரித்தான். அவன் அப்பா வக்கீல்.

என் அப்பா அவன் சொன்ன ஆள்தான், கல்லறைத் திருடர். நீளமான இரும்புக் கம்பியால் மண்ணைக் குத்தியே கீழே அறை இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான். இந்தப் படிப்பை எடுத்த நாளிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை.

எந்தக் குன்றில் வேலை என்று அம்மாவிடம் சொன்னபோது மட்டும் சீட்டாட்டத்திலிருந்து தலையைத் தூக்கினார்.

"அங்கயா? செருப்ப இறுக்கிப் போட்டுக்கிட்டுப் போ."

மூன்று வருடத்தில் அவர் பேசிய ஒரே வார்த்தை. நக்கல் என்று நினைத்தேன். பூட்ஸை அவர் எதிரிலேயே உதறிக் கழற்றினேன்.

கரணையை வைத்துவிட்டுக் கையால் மண்ணை அள்ளினேன். வட்டமாக ஒரு துளை. பாறையைக் கொத்தி இறக்கியிருந்தார்கள். களிமண் கீழே, மேல்மண் மேலே என்று எடுத்த வரிசை மாறாமல் திருப்பி நிரப்பியிருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாது. கைக்குத் தெரியும்.

அப்படி நிரப்புகிற ஆள் இந்தப் பக்கத்தில் ஒருவர்தான்.

பேராசிரியையைக் கூப்பிட்டேன். குனிந்து பார்த்தார். முழங்கை நீளம்கூட இல்லை அகலம்.

"முள்ளம்பன்றி வளைன்னு எழுதிடும்மா. இதுக்குள்ள எந்தத் திருடன் நுழைவான்?"

தோளைத் தட்டிவிட்டு வாசல் பக்கம் போய்விட்டார். அங்கே யாரோ கை தட்டினார்கள்.

முள்ளம்பன்றிக்கு உளி பிடிக்கத் தெரியுமா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. வளை என்று எழுதினால் போதும், வேலை என்னுடையது. நாளை உள்ளே எது இல்லாவிட்டாலும் பழி என் தலையில் விழாது.

இன்னும் கொஞ்சம் அள்ளினேன். ஒரு மீட்டர் ஆழத்தில் விரலில் ஏதோ வழுக்கியது.

மண்ணைத் துடைத்தேன். சிவப்பு நிறம் அப்படியே இருந்தது.

குழி ஓரத்தில் தனியாக உட்கார்ந்தேன். வெகு நேரம் யாரும் என்னைத் தேடவில்லை.

பிறகு படிவத்தை எடுத்தேன்.

பொருள்: குழந்தையின் செருப்பு, பிளாஸ்டிக், இடது கால்.

இடம்: நான்காம் குழி, வடக்கு மூலை, திருடர்கள் இறக்கிய துளை.

காலம் என்ற கட்டத்தில் எல்லோரும் 'ஏறத்தாழ' என்று தொடங்கி ஒரு நூற்றாண்டைப் போடுவோம்.

நான் 2003 ஜூலை 19, சனிக்கிழமை என்று எழுதினேன்.

அன்று எனக்கு ஏழு வயது முடிந்தது. காலையில் அப்பா புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தார். மத்தியானம் என் இடுப்பில் கயிற்றைக் கட்டினார். அந்த வயதில் எனக்கு எல்லாக் குன்றும் ஒன்றுதான்.

ஒற்றைச் செருப்போடு வந்தவளை, எங்கே தொலைத்தாய் என்று கேட்டுக் கேட்டு அடித்தாள் அம்மா. நான் வாயைத் திறக்கவில்லை.