மத்தியான நடமாட்டம்

பேய் இருக்கிறது என்று சொல்லி ஒரு மனிதர் அனன்யாவின் கனடா கனவில் மண்ணைப் போடுகிறார் என்றால் அவளுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

அவள் படிப்பது கனடா பல்கலைக்கழகம் ஒன்றின் அமீரகக் கிளையில், ராஸ் அல் கைமாவில். பெண்கள் வாலிபால் கிளப்புக்குக் கேப்டன். மாதக் கடைசியில் வரும் போட்டியில் ஜெயித்துவிட்டால் கனடாவுக்கே போய், தலைமை வளாகத்தின் வார்சிட்டி அணியோடு பயிற்சி எடுக்கலாம். தோற்றால் கிளப் அதோடு சரி.

வார்சிட்டி என்றால் பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வ அணி; ராஜ மரியாதை. இங்கேயும் பையன்களின் பாஸ்கெட்பால் வார்சிட்டிக்குத்தான் காலையும் மாலையும் ஹால். கிளப்புக்கு மிச்சம் மீதிதான், மூன்று மணிக்கு மேல் ஒரே ஒரு மணி நேரம். மத்தியானம் முழுக்க ஹால் பூட்டித்தான் கிடக்கிறது. அதைக் கேட்டால் காதர் மைதீன் பேய்க் கதையை எடுக்கிறார்.

காதர் மைதீன் ஹாலின் பொறுப்பாளர். கீழக்கரைக்காரர். சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"வேணாம்மா. இந்தக் கூரை போடுறப்ப ஒருத்தன் மேலேருந்து விழுந்துட்டான், உச்சி வெயில்ல. அந்த நேரத்துல இன்னமும் உள்ள நடமாட்டம் இருக்கு."

"மத்தியானம் நீங்க தூங்கறதுக்கு இப்படி ஒரு கதையா அங்கிள்?"

"நம்பாட்டி போ" என்று சாவிக்கொத்தைப் பையில் போட்டுக்கொண்டார்.

வேடிக்கை என்னவென்றால், அவள் அணியும் அவர் கட்சிதான்.

"நீ தரையைத் தொட்டுப் பாரு" என்றாள் ஹிஃப்ஸா. அனன்யாவோடு எப்போதும் ஒட்டிக்கொண்டு திரியும் தோழி.

மூன்று மணிக்கு ஹாலைத் திறந்ததும் அனன்யா குனிந்து தொட்டாள். ஏசியில் ஜில்லென்று கிடந்த மரத்தரையில் ஓரிடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. ஓர் ஆள் நீளத்துக்கு. பக்கத்தில் இன்னொன்று. அதற்கும் பக்கத்தில் இன்னொன்று.

குளியலறைப் பக்கமிருந்து வெறுங்கால் தடங்கள் ஈரம் காய்ந்து தெரிந்தன. வலைக்குக் கீழே வந்து நின்றுவிட்டன. திரும்பிப் போன தடம் இல்லை.

அவளுக்கு முதுகு சில்லிட்டது. ஆனாலும் விடுகிற ஜாதி இல்லை அவள்.

மறுநாள் ஆபீசில் கேட்டு மாற்றுச் சாவி வாங்கிக்கொண்டு ஒரு மணி வாக்கில் தனியாகவே போனாள். வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. கார் பார்க்கிங்கில் பாதி பதித்த கற்கள் அப்படியே கிடந்தன. ஒரு ஜீவனைக் காணோம்.

கதவைத் திறந்தாள். உள்ளே கும்மிருட்டு.

முதலில் எதுவும் கேட்கவில்லை. பிறகு ஒரு மூச்சு. நீளமாக, நிதானமாக. அதன் பின்னால் இன்னொன்று. சற்று நேரத்தில் ஹால் முழுவதுமே மூச்சு விடுவது போலிருந்தது.

மொபைல் வெளிச்சத்தைத் தரைக்குக் காட்டினாள்.

தலை முதல் கால் வரை துணி போர்த்திய உருவங்கள், கோடு பிசகாமல் வரிசையாகக் கிடந்தன.

கத்த வாய் திறந்தாள். தோளில் ஒரு கை விழுந்தது.

"சத்தம் போடாதேம்மா" என்றார் காதர் மைதீன். "தூங்குறாங்க."

அவளுக்குப் புரிய நேரம் பிடித்தது. வெளியே கல் பதிக்கிறவர்கள்.

"பன்னெண்டரைலருந்து மூணு வரைக்கும் வெயில்ல வேலை வாங்கக் கூடாதுன்னு சட்டம். நிழல் கொடுக்கணுமாம். கான்ட்ராக்டர் தார்ப்பாய் கட்டிக் கொடுத்திருக்கான், அதுக்கடியில படுத்தா இட்லிப் பானைக்குள்ள படுத்த மாதிரிதான். போன மாசம் ஒரு பையன் வாயில நுரை தள்ளி விழுந்தான்மா."

"ஆபீஸ்ல கேட்கலாமே அங்கிள்?"

"கேட்டேன். வெளியாளுக்கு இன்சூரன்ஸ் இல்லைன்னாங்க. பேய்க்கு அதெல்லாம் வேணாம் பாரு."

அப்போதும் அவர் சிரிக்கவில்லை. "தரை பாழாகும்னு காலைக் கழுவிட்டுத்தான் வரச் சொல்லியிருக்கேன்" என்றார், அவள் அதற்குத்தான் சண்டைக்கு வந்திருப்பது போல.

வெளிச்சம் பட்டு ஓர் உருவம் அசைந்தது. துணியை விலக்கிக்கொண்டு நரைத்த தலை ஒன்று எழுந்தது. அவளைப் பார்த்ததும் துணியை அவசரமாக மடிக்கத் தொடங்கியது.

"முனியசாமி, நீ படு" என்றார் காதர் மைதீன்.

"இல்லண்ணே, பாப்பா விளையாட வந்திருக்கு. எந்திரிக்கணுமா பாப்பா?"

அனன்யாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. விளக்கை அணைத்தாள்.

"இல்லங்க. நீங்க தூங்குங்க."

மூன்று மணிக்கு அணி வந்து சேர்ந்தது. ஹால் வழக்கம்போல் காலியாக, சுத்தமாக இருந்தது. எல்லாரையும் உட்காரவைத்து, பொய் சொல்வதற்கு வேண்டிய முகத்தோடு அனன்யா ஆரம்பித்தாள்.

"மத்தியானம் நான் உள்ள போனேன். அங்கிள் சொன்னது நிஜம்தான். என் கண்ணால பார்த்தேன். இனிமே யாரும் அந்த நேரத்துல இந்தப் பக்கம் வர வேணாம். விடிகாலைல வெளி கோர்ட்டுல ஆடிக்கலாம்."

ஆகஸ்ட்டில் வெளி கோர்ட் என்றால் சூரியன் வரும் முன்பே சட்டையைப் பிழியலாம். கனடாவும் கனவாகவே போகலாம். கத்தித் தீர்க்கப் போகிறார்கள் என்று காத்திருந்தாள்.

ஒருத்தியும் முணுமுணுக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹிஃப்ஸா மட்டும் மெதுவாகக் கேட்டாள்.

"யாரும் முழிச்சுக்கலையே?"

அனன்யாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும்டீ. விட்டுட்டுப் போன ஷூவை எடுக்க ஒரு மத்தியானம் ஆபீஸ் சாவியோட வந்தப்ப பார்த்துட்டோம்."

"அப்புறம் எதுக்கு என்கிட்ட மட்டும் பேய் பேய்னு பயந்தீங்க?"

ஹிஃப்ஸா தலையைக் குனிந்துகொண்டாள்.

"பயம் நிஜம்தான்டீ. நீ பார்த்தா அவங்களை எழுப்பி விரட்டிடுவியோன்னு."