நெஞ்சுக்கு ஏறிய காற்று

"பட்டினி கிடக்கிறவன் அவன், பழி மட்டும் எனக்கா?" உப்பு வியாபாரியின் உடம்புக்குள் வாதம் என்னும் காற்று குமுறியது.

திபெத்திய வைத்தியர் நாடி பிடித்து, "காற்று மேலே ஏறிவிட்டது. எலும்புச் சூப் குடி, பேசாமல் படு" என்று சொல்லி மூன்று நாளாயிற்று. அவனோ வெறும் வயிற்றில் கறுப்புத் தேநீரை ஊற்றிக்கொண்டு, நாள் முழுக்கக் கத்திப் பேரம் பேசினான். அவன் மூச்சையும் பேச்சையும் காற்றுதான் ஓடி ஓடிச் சுமந்தது.

"நெஞ்சு படபடங்குது. நின்னு தொலைச்சா நாம மூணு பேரும் காலி. கொஞ்சம் அடங்கேன்" என்றது பித்தம்.

"அவனை அடங்கச் சொல்லு!"

கபம் கொட்டாவி விட்டது. "எனக்கென்னப்பா, நான் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கேன்."

"இருப்பே! உன்னையும் நான்தானே தூக்கிட்டு அலையறேன்?"

வெளியே வியாபாரி வாடிக்கையாளரிடம் புலம்பினான்: "இந்தப் பாழாய்ப்போன காற்றுதான் என்னைக் கொல்லுது."

காற்று அவன் விலாவில் ஓங்கி உதைத்தது. "அடேய், முதல்ல வாயை மூடிட்டு ஒரு கவளம் தின்னுடா! இந்த நிமிஷமே இறங்கிடறேன்."